கல்பாசிப் புள்ளிக்காக நெய்வேலியில் நான்கு நாள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் பெரிய ற போடுவது, எந்த இடத்தில் சின்ன ர போடுவது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலர்விழி டீச்சர்தான் எழுதச் சொன்னார். "நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க அண்ணே, எழுத்துப் பிழையை நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு எட்டு மாதம் தள்ளிப் போட்டேன். நடந்ததில் என் தப்பு நிறைய இருந்தது. அதுதான் காரணம்.

எனக்குக் கொல்லிமலை. வேலை, கல்பாசி எடுப்பதும் சுத்தம் செய்வதும். பிரியாணியில் கருகின இலை மாதிரி ஒன்று கையில் அகப்படுமே, அதுதான் கல்பாசி. மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு வளரும். சில சமயம் அதன் மேல் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வரும். வியாபாரி அதைக் கண்டால் மூட்டையையே தள்ளிவிடுவார். அதனால் உட்கார்ந்து, புள்ளி வந்த பாகத்தை நகத்தால் கிள்ளிக் கழித்துவிட்டு நல்லதை மட்டும் மூட்டை கட்டுவோம். முப்பது வருடமாக நான் செய்வது இதுதான்.

டீச்சர் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். லீவு நாளில் ஆராய்ச்சி. நான்கு வருடத்துக்கு முன்னால் மலைக்கு வந்து, "நீங்க கழிச்சுப் போடறீங்களே, அந்தப் புள்ளிதான் எனக்கு வேணும்" என்றபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குப்பையை எப்படிக் கையில் கொடுப்பது? அந்தப் புள்ளியும் ஒரு உயிர், கல்பாசியைத் தின்று வாழ்கிற பூசணம் என்று அவர்தான் சொன்னார். அது முதல் எங்கே புள்ளி கண்டாலும் அவருக்குச் சொல்வேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு நெய்வேலி போன இடத்தில், முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு பலா மரத்துக் கல்பாசியில் புதுமாதிரி புள்ளி ஒன்றைப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் செம்பு நிறத்தில் மெல்லிய கரை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லையாம். அன்றைக்குக் கிள்ளி வந்த துணுக்கு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததிலேயே தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை நிறையக் கொண்டுவர வேண்டும். பள்ளியில் கிடைத்தது நான்கு நாள் லீவு. அந்த மாதக் கடைசிக்குள் ஆராய்ச்சியை யுனிவர்சிட்டியில் ஒப்படைக்க வேண்டும். "இது இல்லாம ஒப்படைச்சா அதுல ஒண்ணுமே இல்லண்ணே. ஆறு வருஷம் போச்சு" என்றார். அவர் கண்ணுக்கு இப்போது கண்ணாடி போட்டும் சின்னப் புள்ளி தெரிவதில்லை. என் கண் அவருக்கு வேண்டியிருந்தது. கூப்பிட்டார், போனேன்.

முதல் நாள் இறங்கும்போதே வெயில். எங்கள் மலையில் பங்குனியிலும் விடியலில் துண்டைப் போர்த்திக்கொள்வோம். இங்கே அந்தத் துண்டு வேர்வை துடைக்கவே போதவில்லை. டீச்சரின் தோழி ஒருவருடைய குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தது. டீச்சர் உள்ளே, நான் வராந்தாவில்.

டவுன்ஷிப்பில் சாலையெல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக ஓடுகிறது. இரண்டு பக்கமும் மரம். ஒவ்வொரு திருப்பத்திலும் அதே வீடு, அதே வேலி, அதே முருங்கை. மலையில் எனக்கு வழி தப்பாது. அங்கே ஒரு வளைவு மாதிரி இன்னொரு வளைவு இருக்காது. இங்கே தூக்கில் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, வீட்டு எண்ணைப் பார்த்துக் கதவைத் தட்டினேன். வேறொரு அம்மா திறந்தார்.

"யாருங்க வேணும்?"

"டீச்சருங்க."

"இந்த எண்ல நான்தான் இருக்கேன். நான் டீச்சர் இல்ல, நர்ஸு. நீங்க எந்த வட்டம்?"

வட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வட்டத்திலும் அதே எண்ணில் ஒரு வீடு உண்டாம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கூட வந்து வழி காட்டினார். டீ ஆறிப் போயிருந்தது. டீச்சர் அப்படியே குடித்தார்.

பலா மரத்துக்காரர் பெயர் ஏழுமலை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மூன்றாம் நாள்தான் அவருக்கு வார லீவு, அதற்கு முன்னால் தோப்பைத் திறந்து காட்ட ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் இரண்டாம் நாள் டவுன்ஷிப் மரங்களைப் பார்ப்பது என்று டீச்சர் முடிவு செய்தார். வேறு எங்காவது அதே புள்ளி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

காலையில் ஏறின பேருந்தே தப்பு. கூட்டத்தோடு கூட்டமாக ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எல்லார் மடியிலும் ஹெல்மெட்டும் சாப்பாட்டு டப்பாவும். ஷிப்ட் பஸ். அது நேராகச் சுரங்க வாசலில் போய் நின்றது. எல்லாரும் இறங்கி உள்ளே போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். காவலாளி என் பையைத் திறக்கச் சொன்னார். கத்தி, லென்ஸ், தண்ணீர் தெளிக்கிற குப்பி, ஒரு கட்டு காகிதக் கவர்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?"

டீச்சர்தான், கல்பாசி எடுக்க என்றார்.

"கல்பாசியா? பிரியாணி போடப் போறீங்களா, இல்ல கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டு அவரிடமும் அதையே சொல்லிச் சிரித்தார். திரும்பி வர வண்டி கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. நிழலுக்கு ஒரு சுவர் கூட இல்லை.

அன்று முழுக்க மரம் மரமாக நடந்தோம். தூங்குமூஞ்சி, புங்கம், வேம்பு. எங்கள் மலைக் கல்பாசி முறம் மாதிரி மடல் விரித்திருக்கும். இங்கே இருப்பது பட்டையோடு பட்டையாக, பழைய சுவரில் வெள்ளை உரிந்த மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் தெளித்தால்தான் பச்சை தெரியும். நான் தெளிப்பேன், கிட்டப் போய்ப் பார்ப்பேன், இல்லை என்று தலையாட்டுவேன். டீச்சர் நோட்டில் ஒரு கோடு போடுவார். நடைப்பயிற்சி போகிற பெரியவர் ஒருவர் எங்களோடு நாலு மரம் நின்று பார்த்துவிட்டு, "கணக்கெடுக்கறீங்களா? எந்த மரத்தை வெட்டப் போறீங்க?" என்று கோபமாகக் கேட்டார். எதையும் வெட்டவில்லை என்று சொல்லியும் அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டோம். பக்கத்து மேஜையில் ஒருத்தர் திருநெல்வேலிப் பேச்சு, ஒருத்தர் கோயம்புத்தூர்ப் பேச்சு. சாம்பார் எந்த ஊர்ச் சாம்பாரும் இல்லை, எல்லாருக்கும் பொதுவான சாம்பார். சாயங்காலம் நோட்டில் அறுபத்தி மூன்று கோடு இருந்தது. புள்ளி ஒன்று கூட இல்லை. எனக்கு முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் முத்தாண்டிக்குப்பம். ஷேர் ஆட்டோ பாதியில் பஞ்சர். மீதி தூரம் நடை. ஏழுமலை சாலைக்கே வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிறவர். முந்திரித் தோப்பு, நடுவில் ஒரே ஒரு பெரிய பலா. அடிமரத்தில் பிஞ்சுகள் தொங்கின. ஆள் உயரத்தில், இரண்டு கை அகலத்துக்குச் சாம்பல் நிறக் கல்பாசி. அதில் புள்ளி. கடுகை நாலாகக் கிள்ளின அளவு. தண்ணீர் தெளித்ததும் செம்புக் கரை எனக்கே பளிச்சென்று தெரிந்தது. டீச்சர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மரத்திலேயே நெற்றியை வைத்து நின்றார்.

முக்கால்வாசியைப் பட்டையோடு சீவி ஒன்பது கவரில் போட்டோம். மீதியை மரத்திலேயே விட்டோம்.

ஏழுமலை வீட்டிலேயே சாப்பாடு. அவர் மனைவி அஞ்சலை பச்சை முந்திரியைக் கீறி உரித்துக் குழம்பு வைத்திருந்தார். எங்கள் மலையில் பலா உண்டு, மிளகு உண்டு, இப்படி ஒரு குழம்பு கிடையாது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் தடவைக்குக் கூச்சமாக இருந்தது.

"டீச்சர், அது இன்னா புள்ளின்னு இத்தினி தூரம் வந்தீங்க?" என்று ஏழுமலை கேட்டார்.

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கல்பாசிங்கறது ஒரு செடி இல்லீங்க. ஒரு பூசணமும் ஒரு பாசியும் சேந்து நடத்தற குடும்பம். பாசி சமைக்கும், பூசணம் வீடு கட்டிக் குடுக்கும். அந்த வீட்டுக்குள்ள வந்து ஒட்டிக்கிட்டு, உக்காந்து சாப்பிடற மூணாவது ஆள்தான் இந்தப் புள்ளி."

"எம் மச்சான்னு சொல்லுங்க" என்றார் ஏழுமலை. "பொங்கலுக்கு வந்தான். இன்னும் இங்கதான் துன்னுகினு இருக்கான்."

"ஏன், ஒங்க தங்கச்சி புருஷன் மூணு மாசம் கெடந்தாரே, அப்ப அவரு எந்தப் புள்ளி?" என்று அஞ்சலை குழம்புக் கரண்டியோடு கேட்டார். ஏழுமலை இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

டீச்சர் கை கழுவப் போனார். ஏழுமலை என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, அவங்க குடும்பக் கதை சொல்றாங்க. நெசமா சொல்லுங்க, அது இன்னாது?" என்றார்.

பொதுவாக நான் யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். நல்ல சாப்பாடு சாப்பிட்டிருந்தேன், ஒரு பதிலாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அது நோய்ங்க. எங்க ஊர்ல கண்டா உடனே கழிச்சிருவோம்" என்றேன்.

"பரவுமா?"

"பரவும்" என்றேன்.

திரும்பும்போதே டீச்சருக்குத் தலைவலி. வந்ததும் படுத்துவிட்டார். படுக்கும் முன், "அண்ணே, கவர்ல பட்டை கனமா இருக்கு, காயாது. பட்டையை மட்டும் மெலிசாச் சீவி வச்சிடுங்க. காலைல நான் பாக்கறேன்" என்றார்.

வராந்தாவில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். மத்தியான வெயிலில் சாலையில் ஒரு ஆள் இல்லை. கல்பாசி, கத்தி, மடி. வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குத் தெரிந்த வேலை கையில் இருந்தது. உடம்பு அலுத்துப் போயிருந்தது, மனசு எங்கேயோ வீட்டில் இருந்தது. கை அது பாட்டுக்கு ஓடியது. பட்டையைச் சீவினேன், தூசி ஊதினேன், துண்டு துண்டாக அடுக்கினேன். ஒன்பது கவரையும் முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பேப்பரில் விழுந்ததைச் சுருட்டிச் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டேன். காலையில் வண்டி வந்தது, கூடையைக் கொட்டினேன்.

நான்காம் நாள். டீச்சருக்குத் தலைவலி விட்டிருந்தது. கவர்களை மேஜையில் வரிசையாக வைத்து, "பாருங்க டீச்சர், ஒரு தூசி இல்ல" என்றேன். எனக்குப் பெருமையாகவே இருந்தது. அவர் முதல் கவரைத் திறந்து லென்ஸை எடுத்தார். அவர் குனிவதற்கு முன்னால் எனக்கே தெரிந்துவிட்டது. கல்பாசி பால் மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. முப்பது வருடமாக எப்படிக் கிள்ளுவேனோ, அப்படியே கிள்ளிப் போட்டிருக்கிறேன்.

டீச்சர் ஒன்பது கவரையும் திறந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக மூடினார்.

"கிள்ளினதெல்லாம் எங்க அண்ணே?"

ஓடினேன். வீங்கின முட்டியோடு, அதே மாதிரி சாலை, அதே மாதிரி திருப்பம். மூன்றாவது திருப்பத்தில் குப்பை வண்டி நின்றது. கூட ஒரு பெண், கையுறை போட்டிருந்தார்.

"இன்னாண்ணே, மோதிரத்தைப் போட்டுட்டியா?"

"இல்லீங்க. கல்பாசி."

"கல்பாசிக்கா இந்த ஓட்டம் ஓடியாற? கடையில விக்கிதே." என் முகத்தைப் பார்த்து, அவர் சிரிப்பை நிறுத்தினார். "மக்கற குப்பைல போட்டியா, மக்காததுலயா?"

"மக்கறதுல."

"மொத நடை கொட்டிட்டு வந்துட்டோமே. அதுமேல அஞ்சு வண்டி விழுந்திருக்கும்" என்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு நடந்து திரும்பினேன்.

டீச்சர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மரத்துல கால்வாசி விட்டிருக்கோம்ல, அது போதும். கிளம்புங்க" என்றார். மாலையில் எங்களுக்கு ஊருக்குப் பேருந்து.

தோப்பு வாசலில் ஏழுமலை நின்றார், அன்று அவருக்கு ராத்திரி ஷிப்ட். முகமெல்லாம் சிரிப்பு. முழங்கை வரை இன்னும் கழுவிப் போகாத வெள்ளை.

"வாங்க டீச்சர். நேத்து நீங்க போனதும் வேலைய முடிச்சிட்டேன். தேங்கா நாரு வச்சி நல்லாத் தேச்சி வுட்டு, ரெண்டு பக்கெட் சுண்ணாம்பு. ஆள் ஒசரத்துக்கு மேலயே அடிச்சிருக்கேன், பாருங்க. ஒரு புள்ளி இருக்காது."

காலையில் கவரை வரிசையாக வைத்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

டீச்சர் வேலி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நோயின்னு இவருதானங்க சொன்னாரு. பரவும்னாரு. காய்க்கற மரமாச்சே" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று டீச்சரிடம் சொன்னேன். நான்கு நாளில் நான் சத்தமாகப் பேசின வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு, ஏணி இருக்கிறதா என்று கேட்டேன்.

மரம் ஏறுவதை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஏணி முதல் கவை வரைக்கும்தான் எட்டியது. அதற்கு மேல் பிடித்து ஏறினேன். எங்கள் ஊர்ப் பலாவில் இவ்வளவு முசுறு கிடையாது. இங்கே சிவப்பு எறும்பு கழுத்தில், காதில், வேட்டிக்குள். தட்டிவிட ஒரு கை இல்லை. கிளை கிளையாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். கல்பாசி இருந்தது, புள்ளி இல்லை. கிழக்குப் பக்கத்துக் கிளையில், இலை மறைவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு திட்டு. தெளித்தேன். செம்புக் கரை. எண்ணினேன், பதினேழு.

"இருக்கு டீச்சர்" என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு ரூபாக் காசு அகலம்."

முசுறு இமையில் கடித்தது.

"பாதி எடுங்க" என்றார்.

"பாதி போதுமா டீச்சர்?"

"போதாது. பாதி எடுங்க."

எட்டுப் புள்ளியைப் பட்டையோடு சீவி எடுத்தேன். ஒன்பதை விட்டேன். ஒன்றையும் கிள்ளாமல் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

பேருந்தில் போகும்போதுதான் டீச்சர் அதைப் பற்றிப் பேசினார். "உலகத்துலயே இந்த ஒரு மரத்துலதான் நாம பாத்திருக்கோம். முழுசா எடுத்திருந்தா நானும் உங்களையும் ஏழுமலையையும் போல சுத்தம் பண்ணின ஆளா ஆயிருப்பேன்." நான்கு நாளில் அவர் என்னைக் குறையாகச் சொன்ன ஒரே சொல் அதுதான். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். கவர் அவர் மடியில், இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. பண்ருட்டியில் ஜன்னல் வழியாகப் பலாச்சுளை நீட்டினார்கள். எனக்குப் பசித்தது, ஆனால் வாங்கத் தோன்றவில்லை.

எட்டுப் புள்ளியைப் பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்தார்கள். புதுசு மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் பெயர் வைக்க இது போதாது, அதே இடத்திலிருந்து இன்னும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சரால் அந்த மாதம் ஒப்படைக்க முடியவில்லை. எழுதிக் கேட்டு ஒரு வருடம் தவணை வாங்கியிருக்கிறார். வருகிற பங்குனிதான் கடைசி. ஏழாவது வருடமும் பள்ளிக்கூடத்து வேலையோடு இதையும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

ஏழுமலை எனக்கு மாதம் இரண்டு தடவை போன் செய்கிறார். டீச்சருக்குச் செய்ய அவருக்குப் பயம். எனக்குப் போனில் பேசக் கூச்சம், இருந்தாலும் எடுத்துவிடுவேன். ஷிப்ட் முடிந்து வந்து ஏணி போட்டு ஏறிப் பார்ப்பாராம். "மரத்துல பொண்டாட்டி கட்டி வச்சிருக்கீங்களான்னு வூட்ல கேக்கறா" என்று ஒரு தடவை சொன்னார். ஆடியில் பதினொன்று என்றார். ஐப்பசியில் பதினான்கு.

போன வாரம் மழைக்கு நடுவில் கூப்பிட்டார். "அண்ணே, இங்க வுடாம அடிச்சிகினு இருக்குது. மேல ஒரு தார்ப்பாய் கட்டி வுடட்டா? இல்ல எதுனா ஒரம் கிரம் வைக்கணுமா?"

"ஒண்ணும் செய்யாதீங்க" என்றேன்.

"சும்மாவா இருக்கறது?"

"சும்மா இருங்க. பாத்துட்டு எறங்கிடுங்க. கை மட்டும் வைக்காதீங்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்தோடு ஏணியை நகர்த்துகிற சத்தமும் கேட்டது. பிறகு, "அதாண்ணே கஷ்டமா இருக்குது" என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

கார்த்திகை மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த பகலில் எழுதி முடித்தது.